ரீகண்டிஷன் செய்த லாரி இன்ஜின்: முதல் 5,000 கிலோமீட்டரில் எழும் கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் ஒரு லாரி இன்ஜினைப் பிரித்து, போர் செய்து (சிலிண்டரைக் குடைந்து அளவாக்கி), பிஸ்டன், ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), பேரிங் மாற்றிப் பூட்டிய பின் உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் எங்கள் பட்டறையில் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். டாடா லாரிகள் பலவற்றில் வந்த, 6 சிலிண்டரும் 5.9 லிட்டர் கொள்ளளவும் கொண்ட கம்மின்ஸ் 6பிடி இன்ஜினை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன். அளவுகள் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும் என்றாலும் செய்முறையும் காரணங்களும் பெரும்பாலான டீசல் இன்ஜின்களுக்குப் பொருந்தும்.

புதிதாகப் பூட்டிய இன்ஜினை எதற்காகப் பழக்க வேண்டும்? எல்லாமே புதிய பாகங்கள்தானே?

புதிய பாகங்களாக இருப்பதுதான் காரணம். சாணைக்கல்லால் தேய்த்த, அதாவது ஹோனிங் செய்த, சிலிண்டர் சுவரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பாய் முடைந்ததுபோல் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளின் முகடுகள் ரிங்கின் முகத்தோடு உரசி, இரண்டும் ஒன்றுக்கொன்று இசைவாகத் தேய்ந்த பிறகுதான் ரிங் காற்றைப் பிடிக்கும். கோடுகளின் பள்ளங்களில் ஆயில் தங்கும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எரியும் வாயு பிஸ்டன் பள்ளத்தின் வழியே ரிங்கின் முதுகுப்புறம் சென்று அதை வெளியே தள்ளுவதுதான் பெரிய அழுத்தம், அந்த அழுத்தம் சுமை இழுக்கும்போது மட்டுமே போதிய அளவில் உண்டாகிறது. ஆகவே இன்ஜினைப் பழக்குவது என்றால் அளவான சுமையோடு வேலை வாங்குவது என்று பொருள்.

இரண்டு நாள் நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் “செட்” ஆகிவிடும் என்கிறார்களே?

இந்த ஒரு நம்பிக்கையால் கெட்ட இன்ஜின்கள் எங்கள் பட்டறைக்கு வந்த அளவுக்கு வேறு எந்தத் தவறாலும் வந்ததில்லை. சுமை இல்லாமல் மெதுவாக ஓடும் டீசல் இன்ஜினில் எரிப்பு முழுமையாக நடக்காது, சிலிண்டர் சூடும் ஏறாது. ரிங்கைத் தாண்டி மேலே வரும் ஆயிலும் பாதி எரிந்த டீசலும் சுவரில் பழுப்பு நிற அரக்குப் பூச்சாகப் படிந்து, ஹோனிங் கோடுகளின் பள்ளங்களை அடைத்துவிடும். அதன்பின் ரிங் உரசுவதற்கு முகடும் இல்லை, ஆயில் தங்குவதற்குப் பள்ளமும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் முட்டை ஏற்றும் லாரி ஒன்று இப்படி வந்தது. வேறு இடத்தில் பூட்டிய இன்ஜின். இரண்டு இரவு முழுக்கக் கொட்டகையில் நின்றபடியே ஓடவிட்டிருந்தார்கள். 3,000 கிலோமீட்டர் ஓடிய பின்னும் 250 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வீதம் ஆயிலைக் குடித்தது. ஹெட்டைக் கழற்றியபோது ஆறு சிலிண்டர் சுவர்களும் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளத்தன, விரலால் தடவினால் வழுக்கியது. பிஸ்டன்களில் ஒரு குறையும் இல்லாததால் மறுபடி ஹோனிங் செய்து புதிய ரிங் மட்டும் போட்டு அனுப்பினோம். மறுநாளே சுமையேற்றி ஓட்டினார்கள். ஆயில் குடிப்பது நின்றது.

கூடவே ஒரு சிறு வேண்டுகோள். வண்டிக்குப் பூசை போடுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே ஐயருக்காகக் காத்திருக்க வேண்டாம். பூசையை முடித்து எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்த பிறகு சாவியைத் திருப்பினால் போதும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் சுத்தம். ஹோனிங் செய்த பிளாக்கைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினால் சாணைத் துகள் போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டுப் பிரஷால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, வெள்ளைத் துணியில் ஆயில் நனைத்துத் துடைக்க வேண்டும். துடைக்கும் துணியில் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டிருந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். பூட்டுவதற்கு முன் உங்கள் ஃபிட்டரிடம் அந்தத் துணியைக் காட்டச் சொல்லிக் கேட்பது உரிமையாளரின் உரிமை.

இரண்டாவது ஆயில். ஆயில் ஃபில்டரை ஆயில் நிரப்பிய பிறகே மாட்ட வேண்டும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் மேல் பக்க ஆயில் பைப்பைக் கழற்றி அதிலும் சிறிது ஆயில் ஊற்றிக் கையால் டர்போவின் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். பிறகு டீசல் பாயாதபடி டீசல் பம்ப்பை நிறுத்தத்தில் வைத்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மட்டும் அடிக்க வேண்டும். ஒரு முறைக்கு 30 வினாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. நடுவில் இரண்டு நிமிடம் செல்ஃப் மோட்டார் ஆற வேண்டும். பொறுமை இழந்து இந்தப் படியைத் தாண்டினால், புதிய பேரிங்குகள் முதல் பத்து விநாடியை வறட்சியாக ஓடிக் கழிக்கும்.

மூன்றாவது, டேப்பெட், அதாவது வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி. 6பிடி இன்ஜினில் குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-5-3-6-2-4. முன்பக்க டைமிங் உறை கழன்றிருக்கும்போதே, கியர் உறையை நிலைப்படுத்தும் சிறு டவல் பின் (உருளை வடிவ ஆணி) நகராதபடி அடித்தோ தகடு வைத்தோ பூட்டிவிடுவதும் நல்லது. இதே 5.9 லிட்டர் இன்ஜினை அமெரிக்காவில் டாட்ஜ் வண்டிகளில் ஓட்டியவர்கள், அந்தப் பின் தளர்ந்து கியருக்குள் விழுந்து இன்ஜினையே உடைத்த கதைகளை நன்கு அறிவார்கள்.

முதல் நாள் எப்படி ஓட்ட வேண்டும்?

ஸ்டார்ட் ஆன 15 விநாடிக்குள் ஆயில் பிரஷர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். காட்டினால் 1,000 முதல் 1,200 சுற்றில் வைத்து, ஆயில், தண்ணீர், டீசல் ஒழுக்கு ஏதேனும் உண்டா என்று ஒருவர் கீழேயும் ஒருவர் மேலேயும் சில நிமிடங்கள் பார்த்தால் போதும். தண்ணீர்ச் சூடு 60 டிகிரியைத் தாண்டியதும் வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாதிச் சுமை ஏற்றுவது சிறந்தது. நாமக்கல்லிலிருந்து கிளம்பும் வண்டியை நான் முதல் நாள் கரூர்ப் பக்கம் அனுப்புவேன். சாலை சமமாக இருப்பதால் ஆக்சிலேட்டரை நம் விருப்பப்படி கொடுக்கலாம். ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகாமல், மேல் கியரில் 1,300 சுற்றிலிருந்து ஏறத்தாழ 2,000 வரை சீராக ஏற்றி, காலை எடுத்துத் தானாக இறங்கவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். முதல் 150 கிலோமீட்டர் வரை பாதி ஆக்சிலேட்டர், அடுத்த சில நூறு கிலோமீட்டரில் முக்கால் என்று கூட்டிக்கொண்டே போகலாம். தொடர்ச்சியாக ஐந்து நிமிடத்துக்கு மேல் முழு ஆக்சிலேட்டரிலும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் சும்மாவும் ஓடவிடக் கூடாது. மேல் கியரில் சுற்று விழுந்து வண்டி திணறும்போது ஆக்சிலேட்டரை மிதித்துத் தள்ளுவதும் தவறு, கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையோடு சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் ஏற்றத்தில் ஏறுவதை முதல் ஆயில் மாற்றிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எந்த ஆயில், எப்போது மாற்றுவது?

சாதாரண 15டபிள்யூ-40 மினரல் ஆயில் போதும். விலை உயர்ந்த சிந்தெட்டிக் ஆயிலைத் தொடக்கத்தில் ஊற்ற வேண்டாம் என்பது என் கருத்து. ரிங் பிடித்த பிறகு உங்கள் விருப்பம். முதல் மாற்றத்தை 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் செய்துவிடுங்கள், அடுத்தது 5,000-இல்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். தகரத்தை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். விபூதி தூவியதுபோல் மெல்லிய சாம்பல் மினுக்கம் இருந்தால் அது ரிங்கும் சுவரும் உரசிய பொடி; இயல்பானது. நகத்தில் எடுக்கும்படி செதில்கள் இருந்தால் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோக வேண்டும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் ஈய நிறத்திலோ செம்பு நிறத்திலோ இருந்தால் பேரிங். பேரிங் செதில் கண்ணில் பட்ட வண்டியை அதற்குமேல் ஒரு நடைகூட அனுப்பக் கூடாது.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன காரணம்?

பத்தில் பெரும்பாலானவை ஏர் அடைப்பு. டீசல் வழி முழுவதும் கழற்றிப் பூட்டியதால் பைப்பில் காற்று நிற்கும். ஃபீட் பம்ப்பின் கைப்பம்ப்பை அடித்து, ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவில் நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை காற்றை எடுக்க வேண்டும். பிறகு சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் பக்கப் பைப் நட்டுகளைச் சிறிது தளர்த்திச் செல்ஃப் அடித்து அங்கும் எடுக்க வேண்டும். அதற்கும் வசப்படாவிட்டால் பம்ப்பை நிறுத்தும் லீவர் அல்லது சோலனாய்டு நிறுத்தத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) சந்தேகம் இவை இரண்டையும் கடந்த பிறகுதான்.

நட்டைத் தளர்த்தும் இந்த முறை பழைய இன்லைன் மற்றும் ரோட்டரி பம்ப்புகளுக்கு மட்டுமே உரியது. எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் உயர் அழுத்த டீசல் நிற்கும் காமன் ரெயில் இன்ஜினில் அந்தப் பைப்பில் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம் நிற்கும். அதில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். தொடவே கூடாது.

புகையின் நிறத்தை வைத்துக் கோளாறைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளைப் புகை, சூடேறியதும் மறைந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். சூடேறிய பின்னும் வெள்ளையாக வந்து, கண்ணை எரித்து, இழுவையும் குறைந்திருந்தால் பம்ப் டைமிங் பிந்தியிருக்கிறது என்று பொருள். கியரில் ஒரு பல் தவறிப் பூட்டியிருக்கலாம். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டையோ ஹெட் விரிசலையோ சந்தேகிக்க வேண்டும்.

நீலப் புகை ஆயில். முதல் சில நூறு கிலோமீட்டரில் சிறிது வருவது இயல்பு, நாளுக்கு நாள் குறைகிறதா என்பதையே கவனிக்க வேண்டும். கறுப்புப் புகை காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி: ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், அதன் கிளாம்ப் என்ற வரிசையில் பார்த்துவிட்டுப் பம்ப்பிடம் போகலாம். ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக எரியாமல் புகைந்தால், நாசில் குழியில் பழைய செம்பு வாஷர் ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதியதையும் போட்டுவிட்டார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வாஷர் சேர்ந்தால் நாசில் முனை உயர்ந்து, டீசல் விழ வேண்டிய இடத்தில் விழாது. கைதேர்ந்த ஃபிட்டர்களும் இதில் தவறியதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

பேக் கம்ப்ரஷன் அதிகமாக இருக்கிறது. ரிங் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். பேக் கம்ப்ரஷன் என்பது இன்ஜினின் உட்புறத்தில் சேர்ந்து வெளியே வரும் காற்று. ஆயில் ஊற்றும் மூடியைத் தலைகீழாக வைத்து அது ஆடுகிறதா என்று பார்த்து, உடனே “ரிங் அவுட்” என்று தீர்ப்புச் சொல்வது வழக்கமாகிவிட்டது. புதிய ரிங் பிடிக்கும்வரை சிறிது புகை பிரீதர் (இன்ஜினின் உட்காற்று வெளியேறும் குழாய்) வழியே வரத்தான் செய்யும். தினமும் ஒரே சூட்டில், ஒரே சுற்றில், பிரீதர் குழாய்க்கு நான்கு விரல் தள்ளி உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். 1,000, 2,000 கிலோமீட்டர் ஆக ஆகக் காற்று தணிந்தால் ரிங் பிடிக்கிறது என்று அர்த்தம்.

தணியாவிட்டாலும் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் இரண்டு இடங்களைச் சோதிக்க வேண்டும். ஒன்று, பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸர். அதன் பிஸ்டன் தேய்ந்திருந்தால் காற்று இன்ஜின் உள்ளுக்குள் இறங்கும். டேங்கில் காற்று ஏறும் நேரத்தில் பேக் கம்ப்ரஷன் கூடி, டேங்க் நிரம்பிக் கம்ப்ரஸர் சும்மா சுற்றத் தொடங்கியதும் குறைந்தால் குற்றவாளி அதுதான். மற்றொன்று டர்போ, அதன் சீல் போயிருந்தால் ஆயில் இறங்கும் பைப் வழியே காற்று இன்ஜினுக்குள் வரும். பழைய கம்ப்ரஸரையும் பழைய டர்போவையும் அப்படியே புதிய இன்ஜினில் மாட்டிவிட்டு ரிங்கைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

ஆயில் பிரஷர் குறைவாகக் காட்டுகிறது.

6பிடியில் நன்றாகச் சூடேறிய நிலையில் ஐடிலிங்கில் 10 பிஎஸ்ஐ, முழுச் சுற்றில் 30 பிஎஸ்ஐ என்பவை இருக்க வேண்டிய மிகக் குறைந்த அளவுகள். புதிய இன்ஜின் இவற்றைத் தாராளமாகத் தாண்ட வேண்டும். முதலில் டாஷ்போர்டு முள்ளை நம்பாமல், தனி கேஜ் ஒன்றை பிளாக்கில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். அளவு உண்மையிலேயே குறைவு என்றால் ஆயில் மட்டம், பிறகு பிரஷர் வால்வில் சிக்கிய துகள், அதன்பின் ஆயில் உறிஞ்சும் குழாயின் கேஸ்கட். இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் பேரிங் இடைவெளியை அளக்க இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்ற வேண்டும்.

ஊற்றியதைவிட ஆயில் மட்டம் ஏறியிருக்கிறது. நல்லதுதானே?

இல்லை; உடனே வண்டியை நிறுத்த வேண்டிய அறிகுறி. டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது. அளவுக் கம்பியை முகர்ந்தால் டீசல் வாடை தெரியும். ஃபீட் பம்ப்பிலோ பெரிய டீசல் பம்ப்பின் ஷாஃப்ட் சீலிலோ கசிவு இருக்கும். தண்ணீர் என்றால் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறும். சந்தேகமாக இருந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள்: சுத்த ஆயில் அமைதியாகப் புகையும், தண்ணீர் கலந்தது தாளிப்பில் கடுகு வெடிப்பதுபோல் படபடக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் விடியற்காலையில் சம்ப் போல்ட்டைச் சற்றே தளர்த்தினாலும் அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் வரும்.

ஹீட் ஆகிறது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

வேண்டாம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும்; அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கும். சாதாரண ஓட்டத்தில் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராது, ஏற்றத்தில் அளவை மீறும்.

பூட்டிய முதல் நாளில் ஹீட் ஆனால் தண்ணீர் வழியில் காற்று நிற்பதே பெரும்பாலான காரணம். மேல் பக்க ஏர் பிளக்கைத் திறந்துவைத்து மெதுவாக நிரப்பி, ஓட்டி, ஆறவைத்து, மீண்டும் நிரப்ப வேண்டும். பிறகு ஃபேன் பெல்ட், வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்), ரேடியேட்டர் அடைப்பு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்போல் விறைத்து ரேடியேட்டரில் குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீருக்குள் போகிறது. ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் தானாகவே வேகமெடுத்து நிற்க மறுத்தால்?

வேகத்தைக் கட்டுப்படுத்தும் பம்ப்பின் கவர்னர் மாட்டிக்கொண்டாலோ டர்போ வழியே ஆயில் உறிஞ்சப்பட்டாலோ இது நேரும். ஆயிலைக் குடித்து ஓடும் இன்ஜின் டீசலை நிறுத்தினாலும் நிற்காது. காற்றை நிறுத்த வேண்டும். எங்கள் பட்டறையில் முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் பைப்பைக் கழற்றி, டர்போவின் காற்று வாயை மூடுமளவு ஒரு பிளைவுட் பலகையோடு ஒருவர் அருகிலேயே நிற்பார். கையையோ துணியையோ வைத்து மூடக் கூடாது. துணி டர்போவுக்குள் போய்விடும், கை தப்பாது. சாலையில் நேர்ந்தால் பிரேக்கை முழுக்க அழுத்தி, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு அணைக்க முயல வேண்டும்.

பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிக்கும் இதே முறைதானா?

ரிங் பிடிக்கும் விதம் ஒன்றுதான். ஆனால் 2020 ஏப்ரல் முதல் வந்த இந்த வண்டிகளில் சைலன்சர் பக்கம் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது; ரிங் பிடிக்காமல் எரியும் ஆயிலின் சாம்பல் அதில் சேர்ந்து அடைக்கும், தானியங்கிச் சுத்திகரிப்பில் அந்தச் சாம்பல் எரிந்து போகாது. ஆகவே நின்ற இடத்தில் ஓடவிடக் கூடாது என்ற விதி இங்கே இன்னும் கண்டிப்பானது. குறைந்த சாம்பல் தரும் சிகே-4 போன்ற தரத்து ஆயிலையே ஊற்ற வேண்டும். இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் அதன் மேல் பொறித்த குறியீட்டை ஸ்கேனர் வழியே இசியூவில் (இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி) ஏற்றிய பிறகே வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

மைலேஜ் இன்னும் பழையபடி வரவில்லையே?

5,000 கிலோமீட்டர் முடிந்து, டேப்பெட்டை ஒரு முறை மறுபடி பார்த்து, ஏர் ஹோஸ் கிளாம்ப்புகளை இறுக்கிய பிறகு, ஒரே தடத்தில் ஒரே சுமையோடு மூன்று நடை டேங்க்கை நிரப்பி அளந்து பாருங்கள். அந்த மூன்று கணக்கையும் ஓட்டுநரின் நோட்டில் எழுதி, ஃபில்டர் தாளையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வந்தால், எங்கே தேட வேண்டும் என்பது ஃபிட்டருக்குப் பாதி தெரிந்துவிடும்.